குறுக்குக்கோட்டில் ஒரு பெட்ஷீட் கடை

கலப்பெண் சார்புக்கு, அதாவது காம்ப்ளெக்ஸ் ஃபங்ஷனுக்கு, ஒரு புள்ளியில் எல்லை (லிமிட்) இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மனிதனுக்கு இரண்டு வழிகள் போதும். மூன்றாவது வழியைத் தேடுகிறவன் ஒன்று பேராசிரியராக இருப்பான், இல்லையென்றால் வேலைவெட்டி இல்லாதவனாக இருப்பான். எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மிதுன் இந்த உண்மையைக் கல்லூரி கேன்டீனில், முட்டை பப்ஸ் சாட்சியாக அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

விஷயம் இதுதான். கோட்டின் மேல் இருக்கும் புள்ளிக்கு வலப்பக்கமாக வரலாம், இடப்பக்கமாக வரலாம், அதோடு சரி. கலப்பெண்கள் குடியிருப்பதோ ஒரு மைதானத்தில். அங்கே நடுப்புள்ளிக்கு நேராக வரலாம், சாய்வாக வரலாம், ஜிலேபி மாதிரி சுற்றிக்கொண்டும் வரலாம். எப்படி வந்தாலும் விடை ஒரே எண்ணை நெருங்கினால்தான் எல்லை உண்டு. ஒரே ஒரு வழி முரண்டு பிடித்தாலும் எல்லை இல்லை. மிதுனின் கட்சி வேறு. படுக்கையாகப் போகும் மெய் அச்சில் ஒருமுறை, செங்குத்தாக நிற்கும் கற்பனை அச்சில் ஒருமுறை. இரண்டும் ஒத்துவந்தால் பேனாவை மூடிவிடலாம்.

"அப்ப மிச்ச வழியெல்லாம் எதுக்குடா?" என்றான் பெஞ்ச்தோழன் நவநீத்.

"அதுல எங்கப்பா போவாரு."

அப்பா சுப்பண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். மகள் கனிஷ்காவுக்கு ஒரு ஜாதகம் பொருந்திவிட்டால் போதும், மாப்பிள்ளையின் ஊருக்கே பஸ் ஏறிவிடுவார். டீக்கடை, பெட்ரோல் பங்க், உரக்கடை, பையன் படித்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று எட்டு வழியாக விசாரித்துக் கடைசியில் சலூனில் வந்து முடிப்பார். முடி வெட்டுகிறவருக்குத் தெரியாதது அந்த ஊர் முருகனுக்கும் தெரியாது என்பது அவர் சித்தாந்தம். அதனால் தாடி இருக்கிறதோ இல்லையோ நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். போன வருடம் மட்டும் ஆறு ஊர்களில் சவரம் செய்துகொண்டார், அதில் இரண்டு ஒரே நாளில். மிதுன் அதைக் கேன்டீனில் நடித்தே காட்டுவான். வழுவழுப்பான கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஏனுங்க, இந்தக் கிழக்கால ஊட்டுப் பையன் எப்படீங்க?" என்று அவன் கேட்கும்போது வடை எடுத்துவருகிறவர்கூட நின்று பார்ப்பார்.

இந்த முறை சென்னிமலை ஜாதகம் பொருந்தியது. பெட்ஷீட் வியாபாரக் குடும்பம், பையன் பெயர் கிருபாசங்கர். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பேசி வைத்திருந்த சமயத்தில் பட்டறையில் ஆயில் வழுக்கி அப்பாவின் கால் உடைந்தது.

"கண்ணு, நீ ஒருக்கா போயி விசாரிச்சுபோட்டு வா," என்றார், மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு.

கனிஷ்கா அவனைத் தனியாக அழைத்தாள். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான்கு வருடம் உழைத்து, போன மாதம்தான் டீம் லீடர் ஆகியிருந்தாள்.

"பையன் கறுப்பா செவப்பா, அதெல்லாம் எனக்கு வேண்டாம்டா. வேலைக்குப் போக உடுவாங்களா? வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் ஊட்டுல இருந்தே. அத மட்டும் கேட்டுச் சொல்லு."

மிதுன் கேன்டீனை விட்டு எழுந்திருக்காமல் இரண்டு போன் செய்தான். மெய் அச்சு, மாப்பிள்ளையின் தாய்மாமன்: "தாராளமா உடுவாங்க தம்பி." அடுத்தது தரகர் பாலுசாமி. தரகர் என்பதால் அவரைக் கற்பனை அச்சாக வைத்துக்கொண்டான். "உடுவாங்களாவா? மூத்த மருமகளே வேலைக்குப் போயிட்டுத்தான இருக்குது கண்ணு." இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்.

"நல்லா விசாரிச்சுட்டேன்க்கா. எல்லை இருக்கு."

"நீ சொன்னாச் சரி," என்ற கனிஷ்கா, எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வைத்திருந்த ராஜினாமா மெயிலை அழித்தாள். எத்தனை வழி என்று அப்பா கேட்கவில்லை. மகனும் தன்னைப் போலத்தான் என்று நம்பினார், பாவம்.

வியாழக்கிழமை, கலப்பெண் பாடம் எடுக்கும் சாஜிதா பேகம் மேடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். கேள்வி எளிமையானது. ஒரு கலப்பெண்ணின் மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் பெருக்கி, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பூஜ்யத்தை நெருங்கும்போது எல்லை உண்டா? மிதுன் எழுதியிருந்தான்: 'மெய் அச்சில் 0. கற்பனை அச்சில் 0. எனவே எல்லை 0. இதற்கு மேல் அலைவது பெட்ரோல் செலவு.'

பத்துக்கு சைபர். பக்கத்தில் சிவப்பு மையில், 'இரண்டு பகுதியும் சமமாக இருக்கும் குறுக்குக்கோட்டில் வந்து பாருங்கள். பெட்ரோல் செலவு என்னுடையது.'

வந்து பார்த்தான். அரை வந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் அரை. இரண்டு அச்சுகளும் ஏன் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின என்று அப்போதுதான் யோசித்தான். மெய் அச்சில் கற்பனைப்பகுதியே கிடையாது. கற்பனை அச்சில் மெய்ப்பகுதி கிடையாது. எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம் வராமல் ஜாங்கிரியா வரும்?

பப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு அந்த இரண்டு போன்களை நினைத்துப் பார்த்தான். தாய்மாமன் அந்த வீட்டு ஆள். வேலைக்குப் போகும் பெண்ணின் பாடு அவருக்குத் தெரியாது. தரகர் வெளியாள்; வீட்டுக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. வீடும் வெளியும் சரிபாதியாகக் கலந்த ஒரே ஆள், மூத்த மருமகள்.

சனிக்கிழமை காலை, மார்க் விஷயமாக மேடத்திடம் சண்டை போடப் போவதாகச் சொல்லிவிட்டுக் காந்திபுரத்தில் பஸ் ஏறினான். பெருந்துறையில் மாறி, பத்தரைக்குச் சென்னிமலையில் இறங்கினான். மூத்த மருமகள் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரிக்க, மலையடிவாரத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக் கடைக்கே போனான். கல்லாவுக்குப் பின்னால் முப்பது வயதில் ஒரு பெண் பெட்ஷீட்டை விரித்து, மடித்து, மறுபடியும் விரித்துக்கொண்டிருந்தார்.

"டபுள் காட் கட்டிலுக்கு எடுத்துப் போடுங்க," என்றான், தன்னுடையது கயிற்றுக்கட்டில் என்பதை மறந்து.

மூன்று பெட்ஷீட் விரித்த பிறகு அவர் சொன்னார். "பொண்ணோட தம்பிதானுங்களே நீங்க? வாட்ஸப்புல வந்த போட்டோவுல ஓரத்துல நின்னீங்க. பெட்ஷீட் வேணுமா, கேக்க வந்ததக் கேக்கறீங்களா?"

அவர் பெயர் மோகனப்பிரியா. அந்த மூத்த மருமகளேதான்.

மிதுனுக்குக் காது சுட்டது. "வந்துங்க... கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போக உடுவாங்களானு..."

"நான் பி.எட். படிச்சவங்க. ஈரோட்டுல ஒரு ஸ்கூல்ல டீச்சர். உடுவோம்னாங்க, உட்டாங்க. பதினோரு மாசம். அப்புறம் பஸ்ஸுல அலையறியே கண்ணுன்னாங்க. நம்ம கடையிலயே ஆள் பத்தலைன்னாங்க. அவ்வளவுதானுங்க, ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது." ஒரு மடிப்பை நகத்தால் நீவினார். "இப்பவும் மருமக வேலைக்குப் போறான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றாங்க. பொய்யில்லைங்களே."

"அப்ப உடுவாங்களா, மாட்டாங்களா?"

"பாதி உடுவாங்க."

மிதுன் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டான். அரை. குறுக்குக்கோட்டில் சுத்தமாக அரை.

"இத ஏனுங்க ஆருகிட்டயும் சொல்லலை?"

"ஆரு கேட்டாங்க? எல்லாரும் கிருபாவோட தாய்மாமன்கிட்டயும் தரகர்கிட்டயும் கேட்டுட்டுப் போயர்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கிருபா நல்ல பையனுங்க. ஆனா அவங்கம்மா முன்னால வாயத் தொறப்பாரா, இல்ல அவங்கண்ணனாட்ட செவுத்தப் பாத்துட்டு நிப்பாரா, அது எனக்கே தெரியாது. ஊட்டுக்குள்ள எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க."

வெளியே வந்து கனிஷ்காவைக் கூப்பிட்டான். கையில் ஒரு டபுள் காட் பெட்ஷீட் இருந்தது.

"அக்கா, எல்லை இல்லை."

"தமிழ்ல சொல்லு."

சொன்னான். பதினோரு மாதத்தையும் சொன்னான், பாதியையும் சொன்னான். முதலில் செய்தது இரண்டே போன் என்பதையும், வேறு வழியில்லாமல், சொன்னான்.

"நாளைக்கு வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லீர்றேன். ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்," என்றாள். "அதுக்குள்ள அந்தக் கிருபா எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியணும். ஆமா, ரெண்டு வழி போதும்னு எவனோ சொன்னானே?"

"ஆரு சொன்னா?"

அப்பா போனை வாங்கினார். திட்டுவார் என்று மிதுன் காத்திருந்தான்.

"கண்ணு, சலூனுக்குப் போனியா?"

"இல்லீங்ப்பா."

"ம்," என்றார் அப்பா. போனை வைத்துவிட்டார்.

எதிர்ச்சாரியில், ஒரு செல்போன் கடையையும் பழக்கடையையும் அடுத்துச் சலூன் ஒன்று இருந்தது. மிதுன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. உள்ளே போய், பெட்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கட்டிங்குங்களா, சேவிங்குங்களா?"

காலையில்தான் சவரம் செய்திருந்தான். வழுவழுப்பான கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சேவிங்குங்க," என்றான். நுரை மூக்குவரை ஏறும்வரை பொறுமையாக இருந்தான்.

"ஏனுங்க, இந்தப் பெட்ஷீட் கடைக்காரர் ஊட்டுச் சின்னப் பையன் எப்படீங்க?"