குப்புறப் படுத்த வைத்தியம்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி போடுகிற ஒரு கம்பெனியில் எனக்கு லோடு தூக்கும் வேலை. எமர்ஜென்சி வந்த வருஷம் கம்பிக் கட்டோடு சறுக்கி விழுந்தேன். இடுப்பு போய்விட்டது.

சூப்பர்வைசர் தேவராஜன் வீட்டுக்கே வந்தார். "சுப்பராயா, பொங்கல் கழிஞ்சு வா. கட்டைத் தூக்கிக் காட்டு. முடியலன்னா உன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். நாற்பதைத் தாண்டியவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் மிச்சமிருந்த இடுப்பும் போனது. டாக்டர் சின்னப் பையன். தரையில் குப்புறப் படுத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கி இறக்கச் சொன்னான், காலையும் மாலையும்.

"ஒரு ஊசியாவது போடுங்க சார்."

"ஊசி வேணாம். இதைச் செய்யுங்க, போதும்."

ஊசி போடாதவன் என்ன டாக்டர் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வேலை போய்விடுமே.

எங்கள் வீடு ஒற்றை அறை. அடுப்பும் பெட்டியும் போக நான் நீட்டிப் படுக்க இடமில்லை. வாசலில்தான் பாயைப் போட்டேன். அடுத்த வீட்டு பாக்கியநாதன், என்னோடு லோடு தூக்குகிறவன், தினமும் வந்து நிற்பான்.

"இன்னாண்ணே, தரையில நீச்சலா? தண்ணி ஊத்தட்டா?"

"போடா, வேலையப் பாத்துக்கினு."

என் பெண்சாதி ஞானம்மாவுக்கு மானம் போயிற்று. "ஊரே சிரிக்குது, உள்ள வாய்யா" என்பாள். உள்ளே எங்கே வருவது, அடுப்பு மேலா?

மார்கழி பிறக்கும்போது வலி கொஞ்சம் விட்டது. குனிந்து குடம் எடுக்க முடிந்தது. எனக்கே நம்பிக்கையில்லை, ஆனால் முடிந்தது.

அப்போது பாக்கியநாதனுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் டாக்டரிடம் போகவில்லை. பக்கத்து ஊர் முத்தம்மாளுக்குச் சொல்லி அனுப்பினான். அவள் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் வலது காலால் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. நோவுக்காரன் குப்புறப் படுத்திருக்க வேண்டும், உதைக்கிறவள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பலிக்காதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் குப்புறப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்புவதற்குள் இடுப்பில் ஓர் உதை விழுந்தது. கண் இருட்டிவிட்டது.

"ஐயோ! யாரது?"

முத்தம்மாள் வாயில் விரலை வைத்து என்னை அதட்டிவிட்டு இன்னொன்று விட்டாள்.

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து பாக்கியநாதன் கத்தினான். "அக்கா! நான் இங்க கீறேன்! அது சுப்பராயன் அண்ணன்!"

"அடப்பாவி! நோவுக்காரன் குப்புறப் படுத்திருப்பான்னுதான வந்தேன்?" என்றாள் முத்தம்மாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உனுக்கும் இடுப்புதான? இருக்கட்டும் போ" என்றாள்.

இருக்கட்டுமாம்! நான் எழுந்து உட்காரவே நாளாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவளைத் திட்டிக்கொண்டே நெஞ்சைத் தூக்கினேன், டாக்டரைத் திட்டிக்கொண்டே இறக்கினேன்.

பொங்கல் கழிந்து கம்பெனி கேட்டுக்குப் போனேன். எல்லோரும் பார்க்கக் கம்பிக் கட்டைத் தோளில் ஏற்றி நடந்து காட்டி இறக்கினேன். வலியில்லை.

"எப்டிய்யா சரியாச்சு?" என்றார் தேவராஜன்.

"டாக்டர் சொன்ன எக்சசைஸ் சார். தெனமும் படுத்து எழுந்திருக்கிறேன்."

"இன்னுமா படுக்கிற?"

"காலையிலகூட செஞ்சுட்டுதான் வரேன்."

"அப்ப நோவு உள்ள இருக்குது. நாளைக்கு மறுபடி விழுந்து பேஜாரு பண்ணுவ. முழுசா சரியானப்புறம் வா."

"இப்பதான சார் தூக்கினேன்!"

"அது ரோஷத்துல தூக்கினது" என்று திரும்பிவிட்டார். கண்ணால் பார்த்ததையே நம்பாத ஆளிடம் என்ன பேசுவது?

பாக்கியநாதன் பின்னாலிருந்து சொன்னான்: "சார், இவருக்கு முத்தம்மா அக்கா உதைச்சிருக்குது."

தேவராஜன் நின்றார். முகமே மாறிவிட்டது. "நெஜமாவாய்யா?"

அவளால் நோவு கூடத்தான் செய்தது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். "ஆமா சார்."

"எந்தக் கால்ல?"

"வலது கால்ல சார்."

"அப்ப சரி" என்று கேட்டைத் திறக்கச் சொன்னார்.