கொதிநீர் எண்பது

“அப்போ அந்த ஆளு முப்பத்தெட்டு வருஷமும் பொய்யா எழுதினாருன்னு சொல்றீங்களா, சார்?”

“பொய்யோ போதையோ, எனக்கென்னம்மா தெரியும்? கோடை உச்சியில, நடுப்பகல்ல, இருபத்தெட்டு டிகிரியாம். நம்ம ஊர் வெயில்ல அன்னிக்கு வெளியே வந்தவன் கருவாடா திரும்பியிருப்பான்.” வானிலை அலுவலக இயக்குநர் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “ஏழு பதிவேடும் நம்பத் தகாதவை. நாலு மணிக்குப் பழைய காகித வண்டி வருது. தலைமுழுகிடலாம்.”

கேட்டவளுக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பழைய கையெழுத்துகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவது வேலை. நூறாண்டுக்கு முன் யாரோ ஒருவர் தினமும் மூன்று வேளை மாடியேறி வெப்பமானியைப் பார்த்து எழுதிய அந்த ஏழு பதிவேடுகளோடு ஒரு வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறாள். அந்தக் காலத்தில் இந்த ஊர் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்ல அவற்றை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

கோப்பறைக்கு இறங்கினாள். அங்கே பொறுப்பாக இருக்கும் அக்கா பதிவேடுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவிழ்த்துடுங்க.”

“இப்பதான்டி கட்டினேன்! என் இடுப்பு என்ன இரவலா வாங்கினதா?”

வைதபடியே அவிழ்த்தாள். பழைய ஆளின் கடைசி வருடத்தையும், அலமாரியிலிருந்து எடுத்த, புதுக் கருவியோடு வந்த அடுத்த ஆளின் முதல் வருடத்தையும் பூதக்கண்ணாடி தரையில் அருகருகே விரித்தாள். குளிர்கால விடியல்: தொட்டித் தண்ணீர் உறைந்தது, பூஜ்யம். அடுத்த ஆளும் அதே பூஜ்யம். வசந்தத்தில் இவர் பதினாறு, அவர் இருபது. கோடையில் இவர் இருபத்தெட்டு, அவர் முப்பத்தைந்து.

“பொய் சொல்றவன் குளிர்காலத்துல மட்டும் ஏன் உண்மை பேசணும்?” என்றாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “ரெண்டு தையல் டேப் மாதிரி இருக்கே. ஆரம்பம் ஒண்ணுதான். ஒண்ணுல கோடு நெருக்கம், இன்னொண்ணுல அகலம்.”

பூதக்கண்ணாடி மற்றப் பதிவேடுகளையும் இழுத்தாள். பரபரவென்று ஒவ்வொரு வருடத்தின் முதல் பக்கத்தையும் புரட்டினாள். அந்த மனிதர் ஆண்டுதோறும் கருவியைச் சோதித்து எழுதியிருந்தார்: பனிக்கட்டி பூஜ்யம், கொதிநீர் எண்பது. இந்த வரியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். தண்ணீர் நூறில் கொதிக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியுமே, கை தவறியிருக்கிறார் என்று நினைத்து, நல்லது செய்வதாக எண்ணி, முப்பத்தெட்டு முறையும் நூறு என்று திருத்தித் தட்டியிருந்தாள். எண்ணுக்கு மேல் டிகிரிக் குறியாக வெறும் சிறு வட்டம் போட்டு அவர் விட்ட இடங்களில் செல்சியஸ் என்றும் சேர்த்திருந்தாள்.

சூட்டுக்கு ஒரே அளவு என்று உலகம் ஒத்துக்கொள்ளாத காலம் ஒன்று இருந்தது. ஒருவர் உப்பும் பனியும் கலந்த குளிரைப் பூஜ்யம் என்றார். ஒருவர் கொதிநிலையைப் பூஜ்யமாகவும் உறைநிலையை நூறாகவும் வைத்து, வெப்பம் ஏற ஏற எண் இறங்கும்படி செய்தார். ரெயோமூர் என்பவரின் அளவில் பனிக்கட்டிக்கும் கொதிநீருக்கும் இடையே எண்பது படிகள். அந்த அளவு பல நாடுகளில் வெகுகாலம் புழங்கியது. தன்னைச் சுற்றி எல்லோரும் அதில்தான் அளந்தார்கள் என்பதால், அதன் பெயரை எழுத வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்காது.

“அவரோட நாலுக்கு நம்ம அஞ்சு” என்று முணுமுணுத்தாள். “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு. கெடுத்தது நான்.”

“வாயை மூடிக்கிட்டு இருடி. உன் வேலைக்கே உலை வைப்பாங்க.”

“வைக்கட்டும்.”

மணி மூன்று நாற்பது. முதல் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

“மறுபடியுமா? டிகிரி வாங்காதவ எனக்கு டிகிரி பாடம் எடுக்க வந்துட்டியா?”

“ஆமா சார்.” முதல் பக்கத்தை அவர் மேஜையில் விரித்து, எண்பதின்மேல் விரலை வைத்தாள். “இது அவர் எழுதினது. கணினியில நூறுன்னு இருக்கு. மாத்தினது நான். நீங்க அவரைத் தப்பா நினைச்சது என்னாலதான். அவர் அளந்தது ரெயோமூர் அளவுல. ஒண்ணேகாலால பெருக்கினா அவரோட இருபத்தெட்டு நம்ம முப்பத்தஞ்சு.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது.

“என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. ஆனா எனக்கு ஒரு மாசம் குடுங்க, சார். முதல் வரியிலேருந்து, அவர் எழுதினபடியே, நானே திரும்பப் போட்டுத் தர்றேன். குடுப்பீங்களா?”