டெல்மரின் தோளில் மணல்மேட்டுப் பூ

டெல்மர் ஹக்கின்ஸின் இடது தோளில் முதல் மொட்டு விரிந்தது மார்ச் பதினொன்றாம் தேதி, மாலை ஆறேகாலுக்கு. அன்று டீசல் காலன் நாலு டாலர் இருபது சென்ட். நெவாடா பாலையின் மணல்மேடுகளை முப்பது வருடம் வெட்டி லாரியில் ஏற்றி விற்றவர் அவர். பக்கவாதத்தில் படுத்த மறுவாரம், ஜன்னல் சாத்தியிருந்தும் கட்டில் நிறைய மணல் சேர்ந்தது. மனைவி வெர்னா வாளி வாளியாக அள்ளிக் கொட்டிப் பார்த்தாள். விடிந்தால் அதே அளவு கிடந்தது. "டன் கணக்குல வித்தேன். இப்ப ஓசியிலயே வருது," என்றார் டெல்மர், கோணிய வாயால். அந்த மணலில் முளைத்த செடிதான் தோளுக்குள் வேர்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வரும், அதற்குள் செடியைப் பிடுங்கி வையுங்கள் என்றார்கள் உள்ளூர் டாக்டர்கள்.

டெல்மரின் அக்கா ஓப்பல் காட்டுப்பூக்களைக் கணக்கெடுப்பவள். தம்பி மணல்மேடுகளை வெட்டி விற்றதில் வந்த சண்டையில் பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. "கோவத்த அப்புறம் வச்சுக்க, ஓப்பல். இது என்ன பூன்னு மட்டும் சொல்லு," என்று வெர்னா போன் செய்ததும் லென்ஸோடு வந்துவிட்டாள்.

நாலு வெள்ளை இதழ், நடுவில் சிலுவை வடிவச் சூல்முடி. அந்தி சாய்ந்ததும் விரியும் ஈவ்னிங் ப்ரிம்ரோஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் அது இரண்டு வகை. சரளைச் சரிவில் தண்டில்லாமல் தரையோடு பூப்பதைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம். மணல்மேட்டு வகையைப் பிடுங்கினால் போச்சு. இது தெரிந்துதான் பாவம் வெர்னா, சரளை வகையாகவே இருக்கட்டும் என்று வாசல் சரளையை இரண்டு வாளி அள்ளிக் கட்டிலில் பரப்பியிருந்தாள்.

ஓப்பல் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். நீண்ட தண்டு, உரியும் வெள்ளைத் தோல், தலைகுனிந்த மொட்டுகள்.

"கல்லப் போட்டா செடி மாறிடாது, வெர்னா. இது மணல்மேட்டோடது."

"பிடுங்கினா?"

"செத்துடும்."

"எது? செடியா, அவனா?"

ஓப்பல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அது இதுல தெரியல."

பிறகு பூக்கணக்கு நோட்டில் 'இடம்' என்ற கட்டத்தில் 'என் தம்பி' என்று எழுதினாள். வெர்னாவுக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது.

ஜூனில் செடி காய்ந்தது. அந்த வகையின் வழக்கப்படி தண்டுகள் மேல்நோக்கி வளைந்து கூண்டாயின. உள்ளே டெல்மர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். விதை மணலில் உதிர்ந்தது. அது முளைக்கக் குளிர்கால மழை வேண்டும் என்றாள் ஓப்பல்.

அக்டோபரில் வெர்னா சுத்தியலோடு ஏறி, கட்டிலுக்கு நேர் மேலே இரண்டு கூரைத் தகடுகளைக் கழற்றினாள். ஓப்பல் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.