உயிரோடு அறுத்த தாரா

என் வாப்பா கச்சிமுகம்மதுக்குப் புதுச் சாமான் என்றால் பைத்தியம். நற்பிட்டிமுனையில் முதன்முதலாகப் பெற்றோல்மக்ஸ் விளக்கு எரிந்தது எங்கள் வீட்டில்தான். முதன்முதலாக அது வெடித்ததும் எங்கள் வீட்டில்தான். ஐம்பத்தாறாம் ஆண்டு மாரி வெள்ளாமையில் தண்டுப்புழு விழுந்தபோது, என்றின் என்ற புது மருந்தையும் அதை முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கும் மிசினையும் ஊருக்குள் முதலில் கொண்டுவரப்போவது யார் என்று எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு மாதம். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்படி மருதமுனையிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் ஜவுபர். கைத்தறியில் உட்கார்ந்து பழகிய மனிதர், வயல் வரம்பில் பத்தடி நடந்தால் எட்டாவது அடியில் சேற்றுக்குள் கிடப்பார். தன் உம்மாவுக்கு ஒரே மகன். அந்த ஆயிஷா உம்மா கல்யாணத்தன்று எங்கள் வாசல் கடப்படியில் நின்று, எல்லோரும் கேட்க என்னிடம் சொன்னார்:

"ஒரு மாசத்தால சாப்பாட்டுக்கு வருவன். என்ட மகன் மெலிஞ்சி கிடந்தான் எண்டா கையோட கூட்டிப் போயிருவன். பொறகு குறை சொல்லப்படாது."

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சொன்னால் செய்கிற மனிசி என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கோ அந்த ஒரு மாதத்துக்குள் ஜவுபரை நிரம்பப் பிடித்துப்போயிருந்தது. வரம்பிலிருந்து விழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பாரே, அதற்காகவே பிடித்துப்போயிருந்தது.

விருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாயிற்று. ஆயிஷா உம்மாவுக்கு வயலில் மேய்ந்த தாராவாத்து என்றால் உயிர் என்று ஜவுபர் சொன்னார். எங்கள் வீட்டில் தாராவுக்கு என்ன குறை? விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டால் வரிசையாகப் போய், வீட்டு வளவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இறங்கி, வாப்பாவின் வயலுக்குள் மீன் பிடித்துத் தின்றுவிட்டு, சாய்ந்து சாய்ந்து வீடு திரும்பும். என் உம்மா கமீலா அவற்றுக்குத் தவிடு வைத்தே மெனக்கெட்டவர்.

வியாழக்கிழமைதான் வாப்பா மருந்தடித்தார். விவசாயக் கந்தோர் ஐயா கூட்டம் வைத்து எல்லாம் சொல்லித்தான் கொடுத்திருந்தார். அளவுக் குவளை, உடம்பு மூடிய சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், மருந்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கக் கூடாது, மீனுக்கும் தாராவுக்கும் ஆகாது. வாப்பா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வந்து, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு வயலில் இறங்கினார். ஒரு குவளைக்கு இரண்டு குவளை ஊற்றி, கையை விட்டே கலக்கினார்.

"ஒண்டுக்கு இவ்வளவு சாகும் எண்டா, ரெண்டுக்கு எவ்வளவு சாகும், கணக்குப் பாருங்க" என்றார்.

பொழுதுபடும் நேரம் வந்து சாறனை என் கையில் தந்தார். மண்ணெண்ணெயும் இன்னும் என்னவோவும் கலந்த வாடை, மூக்குக்குள் போய் அப்படியே குந்திக்கொண்டது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. வாப்பா தலையிடிக்கிறது என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தார். வெயில் பட்டது என்றார். அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வயல் வட்டைப் பக்கமிருந்து ஒரு தவளைகூடக் கத்தவில்லை. "நல்ல அமைதியா இரிக்கி" என்று உம்மா சொன்னார்.

மறுநாள் காலை தாராக்கள் வழக்கத்தைவிட நேரத்தோடு திரும்பி வந்தன. முன்னால் வந்த பெரிய சேவல் தாரா கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டம் சுற்றியது. பின்னால் வந்தவை கால் உதறி உதறி விழுந்தன.

"கமீலா, கத்திய எடு" என்று வாப்பா போட்ட சத்தத்தில் நாலு வளவு எழும்பிவிட்டது. "மவுத்தாகப் போகுது, கத்தி, கத்தி."

எங்கள் ஆட்களுக்கு இதில் இரண்டு பேச்சே கிடையாது. கத்தி படும்போது உயிர் இருந்தால் ஹலால், தானாகச் செத்தால் ஹறாம். அடுத்த நாள் விருந்தென்றால்கூட ஒரு மாதிரி, விருந்து அன்றைக்கே. வாப்பா வளவெல்லாம் ஓடினார். ஒன்றை வாழைக்குள் பிடித்தார், ஒன்றைக் கிணற்றடியில் பிடித்தார், பிஸ்மி சொல்லிச் சொல்லி அறுத்தார். அவசரத்தில் தன் பெருவிரலையும் கொஞ்சம் கீறிக்கொண்டார். ஐந்து தேறியது. கைக்கு எட்டாதவை செத்துப்போயின. அவற்றைப் பார்த்து, "ஒரு நிமிசம் பொறுத்திருக்கப்படாதா" என்று மனவருத்தப்பட்டார்.

ஐந்தையும் வரிசையாகப் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். அவை உயிரோடு அறுபட்டனவா என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பக்கத்து வீட்டாரும் வேலிக்கு மேலால் கேட்டார்கள். அவை எதற்காக விழுந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால் நானும் கேட்கவில்லை.

குசினிக்குப் பின்னால் இருந்து தாராக்களைத் துப்பரவாக்கியது நான்தான். முதலாவதின் இரைப்பையைக் கீறினேன். சின்னச் சின்ன வயல்மீன்கள் முழுசாக இருந்தன. அதோடு அந்த வாடையும் வந்தது. நேற்றுச் சாறனில் இருந்த அதே வாடை.

கத்தியைப் போட்டேன். உம்மாவிடம் ஓடினேன்.

"அடுப்புல கொதிச்சா எந்த மருந்தும் போயிரும்" என்றார் உம்மா. "மாமி வாற நேரத்தில பயங்காட்டாம இஞ்சிய இடி புள்ள."

வாப்பாவிடம் போனேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"உயிரோட அறுத்தன். ரத்தம் ஓடிச்சி. பிஸ்மி சொன்னன். இன்னும் என்ன வேணும் மகள்?" என்றார். "அதுகள் மீனத்தானே திண்டது. அந்த மருந்தில குளிச்சவன் நான். எனக்கு ஒண்டும் ஆகல்லயே."

கடைசியில் ஜவுபரைப் பிடித்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் வெளுத்தது. "வேற கறி ஏதும் இரிக்கா?" என்றார். பருப்பும் வாழைக்காயும் இருக்கிறது என்றேன். "உம்மாட முன்னுக்குப் பருப்ப வெச்சா, நான் இண்டைக்கே மருதமுனையிலதான் படுப்பன்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் கடப்படியில் மாமி சொன்னது எனக்கு மறக்கவில்லை. பிழையாக இருக்குமோ, வாடை என் மூக்கிலேயே இருந்துவிட்டதோ என்று என்னையே நான் சமாளித்துக்கொண்டேன். தாராக்கறி ஆணம் கொதித்து மணக்க மணக்க, அப்படிச் சமாளிப்பது இன்னும் லேசாக இருந்தது.

ஜும்ஆ முடிந்ததும் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி கடப்படியில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஆயிஷா உம்மாவின் தம்பி காலிதீன். ஆயிஷா உம்மா இறங்கியதும் யாருக்கும் முதலில் ஸலாம் சொல்லவில்லை. மகனின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ம்" என்றார். அது என்ன ம் என்று எனக்கு விளங்கவில்லை.

பாய் விரித்து, எல்லோரும் ஒன்றாகக் கை வைக்கும் சஹன் தட்டில் சோறு வைத்து, நடுவில் தாரா ஆணத்தை ஊற்றினோம். மகனுக்கு முதல் வாயைத் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் ஆயிஷா உம்மா சாப்பிடுவார், அது அவர்கள் வீட்டு வழக்கம். நல்ல தொடை ஒன்றைத் தெரிந்து எடுத்து, இறைச்சியைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்தார். ஜவுபர் என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கோப்பை உதறியது, தண்ணீர் மடியில் சிந்தியது. காலையில் கிணற்றடியில் தாராவின் கால் உதறியது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பெருவிரல் வெட்டுப்பட்டது அவசரத்தால் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

நான் குனிந்து மாமியின் கையைப் பிடித்தேன். ஒரு மாத மருமகள், விருந்துக்கு வந்த மாமியின் கையை வாய்க்குப் போகும் வழியில் பிடித்தேன்.

"வைங்க மாமி. இது மருந்து திண்ட தாரா."

வாப்பாவின் முகம் சிவந்தது. அவமானம் என்றால் இதுதான்.

"நான் உயிரோட அறுத்தது" என்றார். "ஹலாலான சாப்பாடு. வேணுமெண்டா நான் முதல்ல திண்டு காட்டுறன்." சொன்னபடியே சஹனுக்குள் கையை நீட்டினார்.

"ஹலால்தான் வாப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "ஆனா தின்ன ஏலா. உங்கட கையப் பாருங்க. தாராட காலும் இப்பிடித்தான் உதறிச்சி. பொறகு செத்துப்போச்சி."

வாப்பா தன் கையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சோற்றுக்கு மேலே அந்தக் கை, அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை.

முதலில் எழும்பியது ஆயிஷா உம்மாதான். கையில் பிசைந்த சோற்றைச் சஹனில் போட்டார். "காலிதீன், வண்டியப் பூட்டு" என்றார். வாப்பாவைப் பார்த்து, "காக்கா, எழும்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றார். உம்மாவைப் பார்த்து, "மச்சி, சவர்க்காரம் எடுங்க, முதல்ல இவரக் கழுவோணும்" என்றார். ஒரு நிமிடத்தில் என் வீட்டை அவர் கையில் எடுத்துக்கொண்டார். காலிதீனும் ஜவுபரும் வாப்பாவைக் கிணற்றடியில் இருத்தி, தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஊரில் பெரிய மனிதர், கத்தம் ஓதுகிற வீட்டில்கூட முன்வரிசையில் இருப்பவர், தும்பால் தேய்படும் சட்டியைப் போல் வாய் திறக்காமல் குந்தியிருந்தார்.

வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவருக்குக் கதை வந்தது.

"மருமகன், வக்கடையக் கட்டுங்க. என்ட தண்ணி கீழ் வயலுக்கு இறங்கப்படாது. மீன் மிதந்திரிக்கும், ஒருத்தரையும் அள்ள உடாதீங்க. மீனுக்கு அறுப்பு இல்ல எண்டு சனம் செத்ததையும் அள்ளிரும்."

ஜவுபர் வரம்பில் ஓடினார். எட்டாவது அடியில் விழுந்தார், எழும்பி ஓடினார், மறுபடி விழுந்தார். வாய்க்காலில் வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன் மிதந்ததாம். இரண்டு பெண்கள் பனங்கூடையோடு அப்போதுதான் இறங்கினார்களாம். இவர் தலைமுதல் கால்வரை சேறாகக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்ததைக் கண்டு, பேய் என்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. பிறகு, வரம்பில் தண்ணீர் இறங்கும் வக்கடையில் மண்ணைக் கொட்டி, பொழுதுபடும்வரை காவல் நின்றார்.

வாப்பா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். மருந்து தோலால் இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். மிசினைக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கந்தோர் ஐயாவிடம், "நீங்க சொன்னதெல்லாம் சரி, நான் கேட்டதுதான் பிழை" என்று சொன்னார். வாப்பா பிழையை ஒத்துக்கொண்டதும் எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.

ஆயிஷா உம்மா அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் பருப்பும் வாழைக்காயும்தான் சாப்பிட்டார். போகும்போது கடப்படியில் நின்றார். மகனின் மணிக்கட்டை மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"மெலிஞ்சிதான் போனான்" என்றார். வண்டியில் ஏறினார். மகனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒரு வருசம் கிடந்தேன்.

அடுத்த மாரியில் வெள்ளம் அடித்துக் கழுவிய பிறகு, வாய்க்காலில் மீன்குஞ்சு திரிந்தது. தவளைகளும் வந்தன. அவை கத்துகிற கத்தலில் வாப்பா மட்டும் நித்திரை வராமல் கிடந்து சந்தோசப்பட்டார். உம்மா புதுத் தாராக்களை வேலிக்குள்ளேயே வளர்த்தார். ஆயிஷா உம்மா மறுபடி விருந்துக்கு வந்தார். அறுப்பதற்கு முன் வாப்பா ஒவ்வொரு தாராவையும் வளவுக்குள் ஒரு சுற்று நடக்கவிட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்க்கிறார் என்று உம்மா சிரித்தார்.

பாய் விரித்தோம், சஹன் வைத்தோம். ஆயிஷா உம்மா நல்ல தொடையாக ஒன்றை எடுத்து, இறைச்சியைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்தார். ஜவுபர் வழக்கப்படி வாயைத் திறந்துகொண்டு இருந்தார். அந்தக் கை பாதி வழியில் நின்றது.

"சுஹறா" என்றார் என்னைப் பார்த்து. "தின்னலாமா?"

"ஓம் மாமி" என்றேன். "தின்னலாம்."

அவர் கை திரும்பியது. மகன் வாயைத் திறந்தபடி இருக்க, அந்த முதல் வாயை என் வாயில் ஊட்டிவிட்டார்.