அவன் பங்குத் தண்ணீர்

எவ்வளவு மிதித்தாலும் ஓர் அடிகூட நகராத உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார்ந்து ஊற்றுகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றாடி ஓடவில்லை. கட்டிலில் தம்பி கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். டயாலிசிஸ் முடிந்து வந்தால் உச்சி வெயிலிலும் அவனுக்குக் குளிரும். இருப்பதே ஓர் அறை, சைக்கிளை வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் பொருந்தவில்லை. "இந்த எடையோட உங்களுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டேன்மா. குறைச்சிட்டு வாங்க" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் தையல் மெஷின் மிதிக்கிறவள் நான். அப்படியும் உடம்பு ஊதினால் யாரைத் திட்டுவது? வாயைக் கட்டினேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டு வைத்திருந்த இந்தச் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தேன். வாரக் கடைசியில் மறுபடி எடை பார்ப்பார்கள். இனியும் தள்ளிப்போட அவன் உடம்பில் தெம்பு இல்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். அதிலும் பாதியை ஐஸ் கட்டியாக்கி வைத்துக்கொண்டு, நாக்கு வறளும்போது ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வான். அவன் கண்முன்னால் மடக் மடக்கென்று குடிக்க எனக்கு மனசு வருமா? மிதித்து முடித்ததும் வெளியே குழாயடிக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தலை கைப்பிடியில் சாய்ந்துவிட்டது.

"அக்கா! இறங்கு."

"இன்னும் கொஞ்ச நேரம்டா."

"இறங்குன்னா இறங்கு. நீ தாகத்துல செத்தா எனக்குத் தாகம் அடங்கிடுமா? குழாயடியில ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கிறியே, எனக்கு கிட்னிதானே போச்சு, கண்ணுமா போச்சு?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவன் சுவரைப் பிடித்தபடி எழுந்து போய்க் காற்றாடியைப் போட்டான். குடத்தில் ஒரு சொம்பு மொண்டு நீட்டினான். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"குடி. என் முன்னாடி குடி."

குடித்தேன். ஒவ்வொரு மடக்கையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

ஐஸ் தட்டில் ஒரே ஒரு கட்டி மிச்சமிருந்தது. அதை எடுத்து வந்து என் பிடரியில் வைத்தான்.

"ஐயோ, அது உன்னோடதுடா!"

"தெரியும். பேசாம இரு."

படபடப்பு அடங்கியதும் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். கட்டிலில் போர்வை நடுங்குவது தெரிந்தது. காற்றாடியை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றான், போர்வைக்குள்ளிருந்து.

ஐஸ் உருகி முதுகில் சில்லென்று இறங்கிக்கொண்டிருந்தது. நான் மிதித்தேன்.