தரையில் இரண்டு நிமிடம்

மனித குலம் இதுவரை உண்டாக்கிய சத்தங்களிலேயே முற்றிலும் பயனற்றது, ரிமோட் விமானத்தின் பெட்ரோல் எஞ்சின் போடும் சத்தம்தான். அதைக் கேட்டும் கேட்காமல் இருக்கப் பழகிய காதே பரிணாம வளர்ச்சியின் உச்சம். மூன்று மாதத்துக்கு முன் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இப்படி எழுதிக் கைதட்டல் வாங்கியவன், இப்போது வாடகை நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். நாற்பது சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டுதான் வந்திருந்தது.

"ரெண்டு குறையுதுண்ணா."

"சாவு வீட்ல எல்லாரும் உட்கார மாட்டாங்க தம்பி," என்றார் வண்டிக்காரர்.

கூடத்தின் நடுவே அப்பா படுத்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஆறாம் நாள் விமானம் விட்டவர். ஏழாம் நாள் இரண்டைப் பற்றியும் பேசியே வீட்டைக் காலி செய்தவர்.

அந்த விமானம் பிள்ளை விளையாட்டில்லை. இறக்கை கட்டிலைவிட நீளம். மூக்கிலிருக்கும் ப்ரொப்பெல்லர் கேட்காமலே விரலை எடுத்துக்கொள்ளும். அதனால் அதைக் கிளப்ப அவர் ஒரு முறை வைத்திருந்தார். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. ப்ரொப்பெல்லருக்கு நேர்ப் பக்கவாட்டில் ஈ காக்கா நிற்கக் கூடாது. பின்னால் ஒருவர் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு "கிளப்பறேன்!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். ராக்கெட் விடுகிறவர்கள்கூட இவ்வளவு அலட்டுவதில்லை என்று அவன் எழுதியிருந்தான். வால் பிடிக்கிறவன் தான்தான் என்பதை எழுதவில்லை.

முந்தின நாள் அப்பா லீவு போட்டிருந்தார்.

"புது சைலன்சர் மாட்டியிருக்கேன்டா. இனிமே அக்கம்பக்கத்துல திட்ட மாட்டாங்க. வாலைப் பிடிக்க வர்றியா?"

"கயித்துல கட்டிடுங்கப்பா. என்னைவிட நல்லா பிடிக்கும். எதுத்தும் பேசாது."

அப்பா சிரித்துவிட்டுப் போனார். திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பதினொரு மணிக்கு மீட்டர் மாமா வந்தார். அப்பாவின் மைதானக் கூட்டாளி, பல் டாக்டர். எஞ்சின் சத்தத்தை அளக்கும் கருவி எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். இன்றும் பை புடைத்திருந்தது.

"விமானத்தை எடுத்துட்டு வந்துட்டேன்க்கா," என்றார் அம்மாவிடம். "ஒரு கீறல் இல்ல."

"அவருக்குந்தான் ஒரு கீறல் இல்ல," என்றாள் அம்மா.

மீட்டர் மாமா புடைத்திருந்த சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"எல்லாம் முறைப்படிதான் பண்ணியிருக்கார்க்கா. முளை அடிச்சு வாலைக் கட்டியிருக்கார். கிளப்பிட்டு எழுந்திருக்கும்போது நெஞ்சு அடைச்சிருக்கும். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடியிருக்கு. பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்னப்புறந்தான் மைதானத்து வாட்ச்மேன் போய்ப் பாத்திருக்கார்."

"எவ்வளவு நேரம் ஓடுச்சாம்?"

"அது தெரியலக்கா."

"கால் மணி முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னார் ஆஸ்பத்திரி டாக்டர்." அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "நீ வீட்லதானே இருந்தே? ரெண்டு தெரு தள்ளித்தானே. சத்தம் கேக்கல?"

"ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்மா."

பொய்யில்லை. எப்போது போட்டாய் என்று அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டது. சைலன்சர் நன்றாகத்தான் வேலை செய்தது. சத்தம் முன்னைவிடத் தாழ்ந்து, தொண்டை கட்டினவர் முனகுவதுபோல வந்தது. ஏறவில்லை, சுற்றி வரவில்லை, ஒரே இடத்தில் நின்று முனகியது. தரையில் காற்றுப் படாது, எஞ்சின் சூடேறிவிடும். "தரையில ரெண்டு நிமிஷம்டா. அதுக்கு மேல ஓடுச்சுன்னா ஒண்ணு எஞ்சின்ல கோளாறு, இல்ல ஆள்ல கோளாறு" என்பார் அப்பா. இந்த ஊரில் அந்த விதி தெரிந்த காதுகள் மூன்று. ஒன்று அங்கே தரையில் கிடந்தது. இன்னொன்று யாருடைய கடைவாய்ப் பல்லுக்குள்ளோ குனிந்திருந்தது. மூன்றாவது, நல்ல கட்டுரை ஒன்று மாட்டியது என்று நோட்டில் 'கச்சேரி ஆரம்பம்' என எழுதி, பக்கத்தில் மணியைக் குறித்தது. பிறகுதான் ஹெட்ஃபோன். நடுவில் இரண்டு முறை ஒரு காதை மட்டும் திறந்து, கச்சேரி முடிந்ததா என்று பார்த்தான். முடிந்ததும் அந்த மணியையும் குறித்தான்.

மூன்று மணிக்கு வாட்ச்மேன் வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். சித்தப்பா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மனுஷன் விழுந்து கெடக்கறான், நீ என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"டீ குடிச்சிட்டிருந்தேன் சார். சத்தம் கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு. சத்தம் இருந்தா சார் நல்லா இருக்கார்னு…"

"டீ குடிக்கவா சம்பளம்? எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னாவது தெரியுமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம்…"

"அஞ்சு நிமிஷமா அரை மணியா, எவன் கண்டான்?"

வாட்ச்மேன் தொப்பியை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினார். உள்ளே அப்பாவுக்குப் போட எடுத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மீட்டர் மாமா கண்ணை மூடியிருந்தார்.

"சித்தப்பா, அவரை விடுங்க."

"நீ சும்மா இருடா."

"அவருக்குத் தெரியாது சித்தப்பா," என்றான். "பதினெட்டு நிமிஷம்."

சித்தப்பா, "அப்படியா?" என்று மட்டும் சொன்னார், அவருக்கு அது வெறும் கணக்கு. மீட்டர் மாமா கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார். அம்மா சட்டையின் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். போட வேண்டியது அவருக்கு என்று நினைவு வந்ததுபோல, ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

நான்கு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போனார். உள்ளே எல்லாரும் எழுந்தார்கள். யாரோ அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறாமல், இறங்காமல் ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு சந்துக்குள் வேகமாக நடந்தான்.

ஓட்டுநர் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணா."

அவர் முகத்தைத் துடைத்து, குழாயை மூடும் வரை அவன் அங்கேயே நின்றான்.