பளிச்சும் கும்மிருட்டும் போகவேண்டிய தேதி

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று சொன்னால் பொய். தபாலில் வந்தது. பழுப்பு உறை, அக்காவின் கையெழுத்து, உள்ளே கோடு போடாத ஒரு பழைய நோட்டு. கடிதம் இல்லை. பதினோரு வருடங்களாக என்னோடு பேசாத அக்கா, சின்ன வயதில் நாங்கள் சேர்ந்து வரைந்த காமிக்ஸை அனுப்பியிருந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: உறையை ஒட்டும்போது அக்காவின் கைகள் லேசாக நடுங்கி

விட்டுவிட்டேன். நடுங்கினவா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த அரை வாக்கியத்தை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

2.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. நாயகி பளிச் என்னுடையவள். கண்ணிலிருந்து வெளிச்சம் அடிப்பாள். வில்லி கும்மிருட்டு அக்காவுடையவள். தெருவிளக்குகளைப் பிடுங்கித் தின்பாள். ஒரு கட்டம் நான் போட்டால் அடுத்த கட்டம் அவள். அவரவர் ஆளை அவரவர்தான் வரையலாம், பேசவைக்கலாம். பென்சிலில் போட்டதை அழிக்கலாம். மையில் போட்டது போட்டதுதான்.

(பளிச்சைப் பற்றி இப்போது எனக்கு ஒரு சந்தேகம். இருநூற்றுச் சொச்சம் கட்டங்களில் அவளிடம் ஒரு குறைகூட இல்லை. மேலங்கி கசங்குவதில்லை. எதற்கும் மன்னிப்புக் கேட்பதில்லை. கும்மிருட்டோ தும்முகிறாள், வழி தவறுகிறாள், தின்ற விளக்கு செரிக்காமல் வயிறு மினுங்க உட்கார்ந்திருக்கிறாள். வெறும் வாசகியாக இருந்தால் நான் கும்மிருட்டின் பக்கம்தான் நின்றிருப்பேன்.)

3.

என்னைக் கூட்டிப் போகாமல் அக்கா தன் தோழிகளோடு வெளியே போன ஒரு மதியம், அவளுடைய முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். கும்மிருட்டை வரைந்தேன். அடியில்லாத ஒரு குழிக்குள் அவள் விழுகிறாள். மையில்.

திரும்பி வந்த அக்கா பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "மையில போட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டாள். நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குழிக்கு அடுத்து இப்போது புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. மேலே சிறு எழுத்தில், 'குழியில் விழுவதற்கு முந்தைய நாளிலிருந்து' என்று போட்டிருக்கிறாள். கும்மிருட்டு ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். இயந்திரத்துக்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்றை அவள் பிடித்திருக்கிறாள். மற்றொன்று சும்மா இருக்கிறது. நடுவே தேதி காட்டும் ஒரு சின்னச் சதுரம், காலியாக. அவள் வாயிலிருந்து கிளம்பும் குமிழில்: "இது ஒத்தை ஆளுக்கு ஓடாது. வர்றியா?"

செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவரக் கால இயந்திரத்தைவிட மலிவான சாமான் காமிக்ஸில் கிடையாது. நாயகர்களும் வில்லர்களும் கூட்டுச் சேருவதும் அதில் ஏறும்போதுதான். இன்றைக்கு இருப்பதில் ஆளுக்கொரு பங்கு கேட்டு அடித்துக்கொள்வார்கள். நேற்று நடந்தது மட்டும் இருவருக்கும் பொதுச்சொத்து.

4.

இரண்டு வாரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

அம்மா துணி மடித்தபடியே சொன்னாள்: "பரீட்சைக்குக்கூட நீ இப்படி உத்துப் பாத்ததில்லடி. வர்றியான்னு கேட்டிருக்கா. வர்றேன்னு எழுத என்ன கேடு?"

தேதி போடணும்மா என்றேன். சதுரத்தில் பென்சிலால் ஒன்றைப் போட்டும் காட்டினேன். குழி வெட்டிய அந்த மதியத்தின் தேதி. அம்மா மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். "அந்தக் குழிக்காகவா அவ பதினோரு வருஷம் பேசாம இருக்கா?" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, மிச்சத்தைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தள்ளிவிட நினைத்திருந்தேன். வேண்டாம். பெரிய எழுத்திலேயே இருக்கட்டும்.

அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரோடு வாழ அக்கா வீட்டைவிட்டுப் போனாள். எந்த ஊரில், எந்த எக்ஸ்ரே நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அப்பா கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் அங்கே போய்ச் சண்டை போடவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு, காத்திருக்கும் நோயாளிகளோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். கூப்பிடும்போதெல்லாம் எழுந்து, "என் பொண்ண அனுப்புங்க, போயிடறேன்" என்றார். நான்காம் நாள் அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்பா போய் நான்கு வருடமாகிறது. காரியத்துக்கு அக்கா வந்தாள். என்னைத் தவிர எல்லோரிடமும் பேசினாள்.

வேலை போன அன்றைக்கு அவள் போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நீ சொன்னியா?"

"அவ போன் பண்ணினப்ப நான் உன் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "இல்லக்கான்னு சொன்ன. அதுவும் எனக்குக் கேட்டுது."

சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள்.

5.

ஒரு முடிவு: பளிச்சும் கும்மிருட்டும் அந்தத் திங்கட்கிழமைக்குப் போகிறார்கள். அப்பா கேட்கிறார். பளிச் தெரியாது என்கிறாள். வேலை தப்பிக்கிறது, பதினோரு வருடமும் திரும்பக் கிடைக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொன்னதே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதைத்தான் ஏற்கெனவே ஒருமுறை போனில் செய்துவிட்டேனே.

இன்னொரு முடிவு: கைப்பிடியை இழுக்கும் முன் கும்மிருட்டு திரும்பி, "எனக்கு அன்னிக்கே தெரியும்டி, பைத்தியம். அதையெல்லாம் எப்பவோ மன்

இல்லை. அவள் மன்னிப்பதை நான் எழுதக் கூடாது. அது அவள் ஆள்.

இந்தக் கதையில் அக்கா என்னிடம் கேட்டவற்றை எண்ணிப் பார்த்தேன். மையில போட்டுட்டியா, நீ சொன்னியா, வர்றியா. மூன்று கேள்விகள். மூன்றும் அவளே கேட்டவை. மற்றபடி அவள் மனதுக்குள் நான் நுழையப் பார்த்த இடங்களெல்லாம் பாதியில் நிற்கின்றன. அவை அப்படியே நிற்கட்டும்.

6.

பென்சில் தேதியை அழித்தேன். பேனாவை எடுத்து, அந்தத் திங்கட்கிழமையின் தேதியை எழுதினேன். பிறகு எனக்கான கட்டத்தைப் போட்டேன். பளிச்சின் கை இரண்டாவது கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. கையுறை இல்லை, நகங்கள் என்னுடையவை போலக் கடித்த நகங்கள். குமிழில் இரண்டே சொற்கள்: "நான்தான் சொன்னேன்."

நோட்டை மூடப் போனேன். "காயட்டும்டி, என்ன அவசரம்," என்று அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மை காயும்வரை இருவரும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருக்கும், எனக்கும்தான். ஆனால் அடுத்த கட்டம் என் முறை இல்லை. அதற்கு இங்கே இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

[                                        ]

பொறுக்க முடியாவிட்டால் நீங்கள் எதையாவது போட்டுப் பார்க்கலாம். பென்சிலில் மட்டும். அக்கா அனுப்பினால் அழிக்க வேண்டியிருக்கும்.